மீந்த குழம்பை மூட சிலிக்கான் மூடியா, தேன்மெழுகுத் துணியா?

கடலூர் வெயிலில் மதியம் வைத்த மீன் குழம்பு ராத்திரிக்குள் ஊசிவிடுகிறது, கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் மூடி வாங்கினால் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூடி மட்டும் போதாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். சமைத்த 2 மணி நேரத்துக்குள் குழம்பு ஃப்ரிட்ஜுக்குப் போயாக வேண்டும். வாடை பரவாமல், மேலே காயாமல் காப்பதுதான் மூடியின் வேலை.

குழம்புக்கு இழுத்து மாட்டும் சிலிக்கான் மூடிதான் சரி. விளிம்பில் எண்ணெயோ ஈரமோ இருந்தால் வழுக்கிக் கழன்றுவிடும். துடைத்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து மாட்டுங்கள். கொதிக்கக் கொதிக்க மூடினால் ஆவி முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும், சோறாக இருந்தால் நசநசத்துப் போகும். வாய் நெளிந்த அலுமினியச் சட்டியில் இந்த மூடி பிடிக்கவே பிடிக்காது. எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றுங்கள்.

தேன்மெழுகுத் துணி, அதாவது தேன்மெழுகு பூசிய துணி, நறுக்கிய வெள்ளரிக்கு, தேங்காய் மூடிக்கு. மெழுகு 62 டிகிரி வாக்கில் உருகும், வெந்நீரில் கழுவ முடியாது. மீன், கறிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எலாஸ்டிக் வைத்த துணி உறை ஈ, எறும்புக்கு மட்டும்.

சிலிக்கானில் மீன் வாடை ஏறினால் 1 லிட்டர் வெந்நீரில் 2 ஸ்பூன் சமையல் சோடா கலந்து அரை மணி ஊறவைத்து, வெயிலில் காயவிடுங்கள்.