எஸ்க்யூஎல்லில் (SQL) கேஸ் போட்டும் கவுண்ட் எல்லா வரிசையையும் எண்ணுகிறதா?

பணம் கட்டிய ஆர்டர்களை மட்டும் எண்ண, கவுண்ட்டுக்குள் (COUNT, வரிசைகளை எண்ணுவது) கேஸ் (CASE, நிபந்தனைப்படி மதிப்பு தருவது) எழுதி, பொருந்தினால் 1, இல்லாவிட்டால் 0 ('எல்ஸ் 0') என்று கொடுத்தும் மொத்த எண்ணிக்கையே வருகிறது என்கிறீர்கள். கோளாறு அந்த 'எல்ஸ் 0'-வில்தான். கவுண்ட், மதிப்பு 1-ஆ 0-வா என்று பார்ப்பதே இல்லை. நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) அல்லாத எதையும் எண்ணிவிடும். எல்ஸையே எடுத்துவிடுங்கள். நிபந்தனை பொருந்தாத வரிசைக்கு கேஸ் தானாகவே நல் தரும், கவுண்ட் அதை விட்டுவிடும்.

எல்ஸ் 0 இருந்தே ஆக வேண்டுமென்றால் கவுண்ட்டுக்குப் பதில் மதிப்புகளைக் கூட்டும் சம் (SUM) போடலாம். ஆனால் ஒரு வரிசைகூட இல்லாதபோது சம் 0 தராது, நல்தான் தரும். அதனால் எனக்கு கவுண்ட்தான் பிடிக்கும்.

அப்புறம், உங்கள் குவெரியில் 'கேஸ் ஸ்டேட்டஸ் வென் நல்' என்று ஒரு கிளை இருக்கிறதே, அது ஒருபோதும் பொருந்தாது. அந்த வடிவம் ஸ்டேட்டஸைச் சமக்குறியால்தான் ஒப்பிடும்; நல்லை அப்படி ஒப்பிட முடியாது. 'கேஸ் வென் ஸ்டேட்டஸ் இஸ் நல்' என்று மாற்றுங்கள்.