பவர் பேங்க்: எத்தனை எம்.ஏ.எச். வாங்கலாம்?

ராமநாதபுரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. பயணத்துக்கு எந்த பவர் பேங்க் வாங்கலாம் என்று கேட்பவர்கள் எல்லாரும் "எத்தனை எம்.ஏ.எச்.?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எம்.ஏ.எச். என்பது மில்லி ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்த பிளக் பாயிண்ட் உங்களுக்கு எத்தனை மணி நேரம் கழித்துக் கிடைக்கும்? அதைச் சொல்லிவிட்டால் மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம். இந்த முறை வந்த கேள்விகளையும் அப்படியே பார்க்கலாம்.

தொண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணே, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. இரண்டு தடவை ஏற வேண்டும் இல்லையா? ஒன்றேகால் தடவையோடு நின்றுவிடுகிறது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை தம்பி, கணக்கே அப்படித்தான். பெட்டியில் போட்டிருக்கும் 10,000 உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் அளவு. அந்த செல் 3.7 வோல்ட்டில் வேலை செய்கிறது. யுஎஸ்பி வழியாக வெளியே வருவது 5 வோல்ட். வோல்ட் ஏறினால் எம்.ஏ.எச். இறங்கும். அதனால் எம்.ஏ.எச்.சை விட்டுவிட்டு வாட் ஹவரில், அதாவது உள்ளே இருக்கும் மொத்த மின்சக்தியின் கணக்கில் பாருங்கள். 10,000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட் ஹவர். அதில் 30 சுமாருக்குத்தான் கேபிளுக்கு வந்து சேரும், மீதி சூடாகப் போய்விடும். உங்கள் போன் பேட்டரி ஏறக்குறைய 19 வாட் ஹவர். அதை நிரப்ப, போனுக்குள் வீணாவதையும் சேர்த்து 22, 23 வரை இழுக்கும். முப்பதை இருபத்துமூன்றால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய நீங்கள் சொன்ன கணக்குதான் வரும்.

பவர் பேங்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று ஒன்று போட்டிருப்பார்கள். 10,000-க்கு அது 6,000-ஐ ஒட்டி இருக்கும். கையில் கிடைக்கப்போவது அதுதான். கடையில் கேட்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தலைவி: நாங்கள் நான்கு பேர். இரவு ரயிலில் ராமேஸ்வரம் வந்து ஒரு நாள் தங்கி மறுநாள் இரவு திரும்புகிறோம். 20,000 ஒன்று வாங்கினால் போதுமா?

10,000 இரண்டாக வாங்குங்கள் அம்மா. ராமேஸ்வரத்தில் நான்கு பேரும் ஒரே இடத்தில் இருக்கப்போவதில்லை. ஒருவர் அக்னி தீர்த்தக் கரையில் இருப்பார், இன்னொருவர் ரூம் சாவி வாங்கப் போயிருப்பார். ஒற்றை பவர் பேங்க் யார் பையில் இருக்கிறது என்று தேட முடியாது. 20,000 அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு அலைவதும் சிரமம். சாதாரண 10 வாட் சார்ஜரில் போட்டால் 20,000 நிரம்ப எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். 10,000 அதில் பாதி நேரத்தில் நிரம்பிவிடும்.

ரயில் பெட்டியில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்டுக்கு மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் இருக்கிறது. ஏறியவுடன் போனைப் போட்டுவிடுங்கள். காலையில் புதிய பாம்பன் பாலத்தைப் பிள்ளைகள் வீடியோ எடுக்க ஆசைப்படுவார்கள், அதற்குச் சார்ஜ் வேண்டும்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத் துணியோடு வரும்போது கையில் இல்லாமல் இருப்பதே நல்லது. போனையும் பவர் பேங்கையும் ரூமிலேயே பூட்டி வைத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் மட்டும் வைக்காதீர்கள். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் ஏறும் சூடு லித்தியம் செல்லின் ஆயுளைத் தின்றுவிடும்.

பாம்பனிலிருந்து ஒரு மீனவர்: நாட்டுப்படகில் சாயங்காலம் போய்க் காலையில் கரை வருகிறோம். போனில்தான் ஜிபிஎஸ் பார்க்கிறோம். எந்த அளவு வாங்கலாம்?

உங்களுக்கு 20,000 வேண்டும் அண்ணே. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இரவு முழுக்கத் திரை எரிந்து, மேப் ஓடி, டவர் இல்லாத இடத்தில் போன் தேடிக்கொண்டே இருந்தால் விடிவதற்குள் பேட்டரி முழுதாகத் தீர்ந்துவிடும். 20,000 இருந்தால் அந்த ஒரு போனை இரண்டரை தடவை நிரப்பலாம். காற்று மாறி, கரை சேர மதியம் ஆனாலும் தாங்கும்.

ஆனால் போனை மட்டும் நம்பி எல்லைப் பக்கம் போகாதீர்கள். தனி ஜிபிஎஸ் கருவியும் விஎச்எஃப் வயர்லெஸ்ஸும் படகில் இருக்கட்டும், போன் அதற்குத் துணையாக இருக்கட்டும். இதை வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை.

என் மேசைக்கு வரும் படகுக்காரர் போன்களில் பேட்டரி செத்தவை குறைவு, சார்ஜர் செருகும் பின் அரித்தவைதான் அதிகம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரமான பின்னில் கேபிளைச் செருகி மின்சாரம் பாய்ந்தால் சில நாளிலேயே பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். அதனால் பவர் பேங்கையும் போனையும் கேபிளோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு, அந்தக் கவரை மூடி இறுகுகிற டப்பாவுக்குள் வையுங்கள். கரையிலேயே, கை காய்ந்திருக்கும்போதே கேபிளைச் செருகி உள்ளே வைத்துவிட்டால் கடலில் திறக்கும் வேலை குறையும். சார்ஜ் ஏறும்போது டப்பாவின் மூடி மட்டும் கொஞ்சம் திறந்திருக்கட்டும், சூடு வெளியே போகும். பவர் பேங்குக்குள் கடல் தண்ணீர் போய்விட்டதென்றால் அதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது, காய்ந்த பிறகும் கூடாது.

படகில் 12 வோல்ட் பேட்டரி இருந்தால் கார் சார்ஜர் ஒன்றை ஃபியூஸ் வைத்து மாட்டிக்கொள்ளலாம். வயரை நேரே முறுக்கிப் போடுவது வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து: என் மச்சான் மதுரையிலிருந்து துபாய்க்குப் போகிறார். 30,000 கொண்டுபோகலாமா?

வேண்டாம். விமானத்தில் 100 வாட் ஹவர் வரை தாராளம், 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. 30,000 என்றால் 111 வாட் ஹவர். 20,000 என்றால் 74, அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. எழுத்து அழிந்துபோன பவர் பேங்க் என்றால் சோதனையில் எடுத்து வைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்றுதான் என்றும், விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதி வைத்திருக்கிறது. எந்த விமானமோ, டிக்கெட் எடுக்கும்போதே விதியைக் கேட்டுவிடுங்கள்.

மதுரையிலிருந்து பறவைப் படம் எடுப்பவர்: தனுஷ்கோடி போனாலே பேட்டரி வேகமாக இறங்குகிறது. ஏன்?

அரிச்சல்முனைப் பக்கம் சிக்னல் மெலிந்துவிடும். சில நேரம் இலங்கை நெட்வொர்க்கைக்கூட போன் பிடிக்கும். டவரைத் தேடும்போதுதான் அது அதிகம் தின்னும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், கேமரா பாட்டுக்கு வேலை செய்யும். வெயிலுக்காகத் திரை வெளிச்சமும் முழுக்க ஏறியிருக்கும். 10,000 உங்களுக்குத் தாராளம். சுடுமணலில் வைத்து மட்டும் சார்ஜ் போடாதீர்கள். போன் சூடானால் தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும், நீங்கள் பவர் பேங்கைக் குறை சொல்வீர்கள்.

ஏர்வாடியிலிருந்து: சந்தனக்கூடு சமயத்தில் தெருவோரக் கடையில் 50,000 எம்.ஏ.எச். என்று அறுநூறு ரூபாய்க்கு விற்றார்கள். வாங்கலாமா?

கையில் வாங்கி எடை பாருங்கள். உருளை வடிவ 18650 செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் வரும், அதில் நல்ல செல்லே 3,500 எம்.ஏ.எச். தான். 50,000-க்குப் பதினைந்து செல் வேண்டும், அதுவே 600 கிராமைத் தாண்டிவிடும். உள்ளங்கையில் அடங்கும் 200 கிராம் பெட்டியில் அது எப்படி இருக்கும்? பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் அதன் கீழே 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் தயாரித்தது என்று வந்துவிடும். இது எதுவும் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

சோலார் பவர் பேங்க் எப்படி?

மேலே ஒட்டியிருக்கும் தகடு ஒன்றரை வாட் தந்தால் பெரிது. 20,000 எம்.ஏ.எச்.சின் 74 வாட் ஹவரை நிரப்ப ஐம்பது மணி நேர வெயில் வேண்டும், செல்லும் அவ்வளவு நேரம் சேர்ந்து காயும். வேண்டாம்.

மண்டபத்திலிருந்து ஒரு அக்கா: பாசி எடுக்கப் போகும்போது கொண்டுபோகும் பவர் பேங்க் நடுவில் கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஆனால் நன்றாகத்தான் ஏறுகிறது.

அக்கா, இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். உள்ளே வாயு சேர்ந்துதான் உப்புகிறது. அழுத்த வேண்டாம், குத்த வேண்டாம், குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல், துணிமணிக்குத் தள்ளி, ஒரு மண்சட்டியில் மணல் போட்டு அதில் வையுங்கள். ராமநாதபுரம் வரும்போது கடைக்குக் கொண்டுவாருங்கள், மின்கழிவு எடுப்பவரிடம் நான் சேர்த்துவிடுகிறேன்.