முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. அடுத்த மாதம் என் முதல் முழு மாரத்தான். 5 மணி நேரத்தில் முடித்தால் போதும் என்றிருக்கிறேன். இப்போது எனக்குப் பிரச்சினை ஓட்டமல்ல, வீடு. கணவர், மகள், தம்பி, அலுவலகத் தோழிகள் என்று எல்லோரும் வந்து வழியில் நின்று கைதட்டப் போகிறார்களாம். அம்மாவும் வருவேன் என்கிறார். நான் தள்ளாடுவதைப் பார்த்தால் அழுவார், இல்லையென்றால் சாலையில் இறங்கி என் கையைப் பிடித்துவிடுவார். நான் ஓட ஆரம்பித்ததே எனக்கென்று கொஞ்சம் தனிமை வேண்டும் என்றுதான். இது என் ஓட்டம், தனியாகவே முடிக்க விரும்புகிறேன். சும்மா நிற்பதற்காக அவர்கள் ஒரு விடுமுறை நாளை ஏன் வீணாக்க வேண்டும்? எங்கே ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளலாமே. மனம் நோகாமல் "வர வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? கூடவே, பாட்டு கேட்டுக்கொண்டு ஓடலாமா? ஓடும்போது தெம்புக்காகச் சாப்பிடும் ஜெல் எது வாங்குவது? அன்றைக்குப் புது சாக்ஸ் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதில் எழுத வேண்டிய கடிதங்கள் நிறையக் கிடக்கின்றன. உங்களுடையதை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், சாலையோரம் நிற்பவர்களைப் பற்றித்தான் நானும் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஓடுபவர்களைப் பற்றிப் பேசுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பாட்டு, ஜெல் எல்லாம் நீண்ட பயிற்சி ஓட்டங்களில் எது ஒத்துக்கொண்டதோ அதுதான். இதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

"சும்மா நிற்பதற்காக" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. விடிவதற்கு முன்பே நீங்கள் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மகளைப் பார்த்துக்கொண்டது யார்? 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து படியேற முடியாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் வீடு தானாகவா நடந்தது? அப்போதெல்லாம் அவர்கள் உங்கள் ஓட்டத்துக்குள் இருந்தார்கள். கடைசி நாளன்று மட்டும் அது "என் ஓட்டம்" ஆகிவிடுகிறதா? தனிமை வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயிற்சி ஓட்டங்களில் அது உங்களுக்குத் தாராளமாகக் கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்ததும் அவர்கள்தான்.

1967-இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் 261 என்ற எண்ணோடு ஓடினார். போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்க்கும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தனியொரு பெண்ணின் துணிச்சல் என்று அந்தப் படத்தின் கீழே எழுதுகிறார்கள். துணிச்சல் அவருடையதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், பக்கத்திலேயே வேறு ஆட்களும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய பயிற்சியாளர் ஒருவர், காதலர் ஒருவர். அதிகாரியை இடித்துத் தள்ளியது அந்தக் காதலர்தான். அந்தப் பந்தயம் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-இல்.

சரி, ஆப்பில் பார்ப்பதற்கு வருகிறேன். 42 கிலோமீட்டர் சொச்சத்துக்கு 5 மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 நிமிடம். உங்கள் வீட்டார் நிற்கும் இடத்துக்கு முன்னால் 20 மீட்டர், பின்னால் 20 மீட்டர் நீங்கள் கண்ணில் படுவீர்கள் என்று வைத்துக்கொண்டால், கணக்குக்கு 17 விநாடி வருகிறது. இந்த 17 விநாடிக்காகத்தான் அவர்கள் மணிக்கணக்கில் கால்கடுக்க நிற்கப் போகிறார்கள். கூட்டத்தில் ஒரு நிமிடம் அசந்தால் அதுவும் போய்விடும். ஆகவே அவர்கள் சாலையின் எந்தப் பக்கம் நிற்கப் போகிறார்கள், நீங்கள் என்ன நிறத்தில் சட்டை போடுவீர்கள், எந்த நேரத்திலிருந்து எந்த நேரத்துக்குள் அங்கே வருவீர்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி வையுங்கள். உங்களைத் தேடித் தேடித் தவறவிட்டுத் திரும்புகிற மகளுக்கு ஆப்பில் நகரும் புள்ளி ஆறுதல் சொல்லாது.

பலரும் யோசிக்காத ஒன்று, எங்கே நிற்பது என்பது. எல்லோரும் எல்லைக்கோட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நீங்கள் எப்படியும் முடித்துவிடுவீர்கள், அங்கே யாரும் தேவையில்லை. தொடக்கத்திலும் தேவையில்லை, அங்கே எல்லோருமே சிரித்துக்கொண்டிருப்பார்கள். பாஸ்டன் பந்தயத்தில் ஏறக்குறைய பாதி வழியில் வெல்லெஸ்லி கல்லூரி மாணவியர் வேலியோரம் நின்று போடும் கூச்சல் வெகுதூரம் கேட்கும். அந்த இடத்தைக் கடக்கும்போது கால்கள் தாமாகவே வேகம் பிடிக்கும் என்று ஓடியவர்கள் சொல்வார்கள். அங்கே செலவழித்த வேகத்துக்கான கணக்கு 32 கிலோமீட்டருக்குப் பிறகு வருகிற ஹார்ட்பிரேக் ஹில் மேட்டில் தீர்க்கப்படும். கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கிற சர்க்கரை வற்றுவதும் பலருக்கு அந்தத் தூரத்தில்தான். கால் மட்டுமா கனக்கிறது? மனம் இருண்டுவிடும். சாதாரணக் கழித்தல் கணக்குகூட வராது. எதற்கு இதெல்லாம் என்ற கேள்வி வரும், பதில் வராது. ஆள் தேவைப்படுவது அங்கேதான். வழக்கமாகக் கூட்டமே இல்லாமல் கிடப்பதும் அந்த இடம்தான்.

என் அக்கா எனக்காக ஒருமுறை அப்படியோர் இடத்தில் நின்றாள். 34-ஆவது கிலோமீட்டர், ஒரு வளைவுக்கு முன்னால். கையில் அட்டையும் இல்லை, விசிலும் இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், செருப்பெல்லாம் புழுதி. நான் வருவதற்கு நேரமாகும் என்று தெரிந்து, வளைவைத் தாண்டி மேடு முடிகிற இடம் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். எனக்குமுன் போனவர்கள் எங்கே நடக்கிறார்கள், எங்கே திரும்ப ஓட ஆரம்பிக்கிறார்கள் என்றெல்லாம் கவனித்து வைத்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்ததும் நின்றுவிடப் போனேன். அவள் நிற்க விடவில்லை. சாலையில் இறங்காமல் ஓரமாகவே என்னோடு வேகமாக நடந்துகொண்டு சொன்னாள்: "இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்குடா. வளைவு தாண்டினா மேடு, அதுல எல்லாரும் நடக்கறாங்க, நீயும் நட. மேடு முடிஞ்சதும் வலது கைப்பக்கம் தண்ணி மேஜை. குடிச்சுட்டு ஓடு." அவ்வளவுதான். "நல்லா ஓடறே" என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. மேட்டில் நடந்தேன். வலது பக்கம் தண்ணீர் இருந்தது.

அவளைப் பார்ப்பதற்கு முன்னால் குறைந்தது பத்துப் பதினைந்து பேராவது "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று என்னிடம் கத்தியிருப்பார்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள், நல்ல எண்ணத்தில் சொன்னவர்கள். ஆனால் இதை மட்டும் உங்கள் வீட்டில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: பொய் சொல்லக் கூடாது. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பதை எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்பவர் மட்டும் சொல்லலாம். வேறு எங்கே நிற்பவரும் சொல்லக் கூடாது. மிச்சமிருக்கிற தூரம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் உடம்பு தன் கையிருப்பைப் பங்கிடுகிறது. ஒரு கிலோமீட்டர்தான் என்று நம்பி இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டால், அடுத்த வளைவில் இன்னும் 8 என்ற பலகையைப் பார்க்கும்போது கால் போவதற்கு முன் மனம் போய்விடும். 8 என்று தெரிந்தால் 8-க்குத் தயாராக முடியும். களைத்தவரிடம் உண்மையைச் சொன்னால் ஒடிந்துவிடுவார் என்று நினைக்கிறோம். நோயாளியிடமும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம், தேர்வில் தோற்ற பிள்ளையிடமும் அப்படித்தான். களைத்திருப்பவருக்குத்தான் சரியான எண் தேவை. உற்சாகமாக ஓடிக்கொண்டிருப்பவரிடம் எதைச் சொன்னாலும் தாங்கிக்கொள்வார். தம்பியிடம் சொல்லுங்கள், தோழிகளிடம் சொல்லுங்கள், மகளிடமும் சொல்லுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், மிச்ச தூரத்தைச் சொல்லலாம், முன்னால் இருப்பது மேடா சமதளமா என்று சொல்லலாம். தெரியவில்லையென்றால் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

தம்பிக்கு இன்னொரு செய்தி. அக்காவைக் காணும் இடத்திலெல்லாம் தண்ணீர் பாட்டிலை நீட்ட வேண்டாம். பல பந்தயங்களில் வெளியாள் கொடுப்பதை வாங்குவது விதிப்படி தவறு. அதைவிட முக்கியம், தாகத்துக்கு மேல் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் இருக்கிற சோடியம் என்ற உப்புச்சத்து நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. தாகம் எடுத்தால் குடியுங்கள், போதும்.

அம்மாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அவரைப் பற்றிய வரியைத்தான். கையைப் பிடித்துவிடுவார் என்ற பயம் நியாயமானது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக அரங்கத்துக்குள் வந்தார். வந்தவர் திசை மாறி ஓடினார், பலமுறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்தி எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அந்த உதவிக்காகவே அவர் தகுதி இழந்தார், தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேஸுக்குப் போனது. இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

ஆனால் இன்னொரு கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான். சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெயில் தாக்கி, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தபடி அரங்கத்துக்குள் வந்தார். மருத்துவர்கள் நெருங்கினார்கள், அவர் கையசைத்து விலக்கினார். தொட்டால் தகுதி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். மருத்துவர்கள் தொடவில்லை, விலகிப் போகவும் இல்லை. அவருக்கு இன்னும் வியர்க்கிறதா என்று கவனித்தபடியே கூட இருந்தார்கள். வியர்த்தால் உடம்பு இன்னும் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று பொருள். வியர்த்துக்கொண்டிருந்தது, விட்டார்கள். அந்தக் கடைசிச் சுற்றுக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஆனது. 37-ஆவதாக முடித்து, அவர்கள் கையிலேயே விழுந்தார்.

இதைத்தான் "சும்மா நிற்பது" என்கிறீர்கள். கைதட்டுகிற கூட்டத்துக்கு உங்கள் முகம் தெரியாது. நீங்கள் தள்ளாடினால்கூட "சூப்பர், விடாதீங்க" என்றுதான் கத்தும். உங்கள் நடை எப்போது களைப்பில் மாறுகிறது, எப்போது வேறு எதனாலோ மாறுகிறது என்பது அம்மாவுக்குத் தெரியும். பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தெரிந்த முகம் அடையாளம் தெரியாமல் போனால், விதியும் பதக்கமும் கிடக்கட்டும், அவர் சாலையில் இறங்கிக் கையைப் பிடிக்கட்டும், மருத்துவ உதவியைக் கூப்பிடட்டும். மற்றபடி நொண்டினாலும் அழுதாலும் தொட வேண்டாம். இந்த வித்தியாசத்தை உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர் அழுதால் அழட்டும். அம்மா அழுவதைப் பார்க்க முடியாது என்பது உங்கள் கஷ்டம், அதற்காக அவரை வீட்டில் உட்காரவைப்பது நியாயமில்லை.

எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று கேட்டீர்கள். சொல்லாதீர்கள். தோழிகள் எல்லைக்கோட்டில் நிற்கட்டும், படம் எடுக்கட்டும். கணவரையும் மகளையும் 25-இல் நிறுத்துங்கள். அம்மாவை 33-இல் நிறுத்துங்கள். உட்கார ஒரு மடக்கு நாற்காலி, பக்கத்தில் தம்பி. உங்கள் கணக்குப்படி ஓட்டம் தொடங்கி 3 மணி 50 நிமிடத்துக்கு மேல் அங்கே வருவீர்கள். அரை மணி தாமதமானாலும் பதற வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

புது சாக்ஸ் வேண்டாம். பழையதையே துவைத்துப் போடுங்கள்.

அன்புடன்.