விளம்பரத்தில் வினைச்சொல்லைத் தேடுங்கள்

கேள்வி: விளம்பரங்களில் வரும் ஆண், பெண் பேதத்தை எட்டாம் வகுப்பில் நடத்தினால், ‘அது தப்பு டீச்சர்’ என்று ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, முக்கூடல்

பதில்: கருத்து கேட்டால் ஒப்பிக்கத்தான் செய்வார்கள். எண்ணச் சொல்லுங்கள். பழைய பத்திரிகைகளிலிருந்து 20 விளம்பரங்களை வெட்டி, குழுவுக்கு ஐந்தாகக் கொடுங்கள். மசாலா, சோப்பு மட்டும் என்றால் விடை முன்கூட்டியே தெரிந்துவிடும். சிமெண்ட், பைக், வங்கியும் கலந்திருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே வாக்கியம்: யார், என்ன செய்கிறார்? பேதம் என்ற பேச்சையே அப்போது எடுக்காதீர்கள். பிறகு வினைமுற்றுகளை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். ‘பரிமாறுகிறாள்’, ‘கையெழுத்திடுகிறார்’ என்று வந்தால், வேலை மட்டுமல்ல, ஆள் விகுதி, ஆர் விகுதி யாருக்குப் போயிருக்கிறது என்பதும் தெரியும். இலக்கணப் பாடமும் அதிலேயே முடிந்தது!

மறுநாள், வீட்டில் வருமானம் தரும் வேலைகளை யார் யார் செய்கிறார்கள் என்று பெயரில்லாத துண்டுச்சீட்டில் எழுதி வரட்டும். உங்கள் பக்கம் அம்மாக்கள் சுற்றும் பீடி அதில் கட்டாயம் வரும். விளம்பர அம்மா அடுப்படியை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள். வாய்விட்டுக் கேட்காதீர்கள், பிள்ளைகள் கூசுவார்கள். ஆணுக்குச் சேலை கட்டி நடிக்க வைப்பதும் வேண்டாம். வகுப்பு சிரித்துவிட்டுக் கலைந்துவிடும். அதே படத்துக்கு வினைச்சொல்லை மட்டும் மாற்றி எழுதச் சொன்னால் போதும்.