உருகிய பனியும் குறைந்துகொண்டே வந்த கற்குவியலும்

கேள்வி: பருவநிலை மாற்றத்தை உணர்த்துவதற்காக ஒரு கலைஞர் கிரீன்லாந்துப் பனிக்கட்டிகளை லண்டனுக்குக் கொண்டுவந்து உருகவிட்டாராமே? அதற்குச் செலவான எரிபொருளைக் கணக்கில் கொண்டால் இது முரணாகத் தோன்றவில்லையா?
– ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: ஓலாஃபர் எலியாசனைத்தான் குறிப்பிடுகிறீர்கள். நிலவியலாளர் மினிக் ரோசிங்குடன் சேர்ந்து இதை 2014இல் கோபன்ஹேகனிலும், 2015இல் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்த சமயத்தில் பாரிசிலும், 2018இல் லண்டனிலும் அவர் செய்தார். பனிப்படலத்திலிருந்து ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்துகொண்டிருந்த பாளங்களையே எடுத்ததால், கிரீன்லாந்தின் பனி அவரால் குறைந்துவிடவில்லை. லண்டனுக்கு வந்த 30 பாளங்களில் ஒவ்வொன்றையும் கொண்டுவர ஆன எரிசக்தி, ஒருவர் ஆர்க்டிக்குக்கு விமானத்தில் போய்வருவதற்கு ஆவதற்கு ஈடு என்று அவரது தரப்பே கணக்குச் சொன்னது. பாளங்களில் காதை வைத்தவர்களுக்கு, பல்லாயிரம் ஆண்டுகளாக அடைபட்டிருந்த காற்றுக் குமிழ்கள் வெடிக்கும் சத்தம் கேட்டது. அந்த அனுபவத்துக்கு இந்த விலை கொடுக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

என் குறை வேறு. பனி உருகி முடிந்ததும் பார்வையாளருக்கு அங்கே எந்தப் பொறுப்பும் மிஞ்சுவதில்லை. ஜெர்மனியின் காசெல் நகரில் யோசெப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982இல் தொடங்கிய பணியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகரின் அருங்காட்சியகத்துக்கு முன்னால் 7,000 எரிமலைப் பாறைக் கற்களை அவர் மலைபோல் கொட்டிவைத்தார். ஒரு மரம் நட்டு அதன் அருகில் ஊன்றினால்தான் ஒரு கல்லை அங்கிருந்து எடுக்கலாம் என்பது நிபந்தனை. ஆகவே, எத்தனை மரங்கள் பாக்கி என்பதை அந்தக் குவியலே ஊருக்கு நாள்தோறும் காட்டிக்கொண்டிருந்தது. (7,000 ஓக் மரங்கள் என்று பெயரே தவிர, வேறு வகை மரங்களும் அவற்றில் உண்டு.) 1986இல் பாய்ஸ் இறந்துவிட, கடைசி மரத்தை 1987இல் அவருடைய மகன் நட்டார். மரம் ஆண்டுதோறும் வளர, கல் அதே உயரத்தில் நிற்கிறது. காலம் கடந்திருப்பதை அறிய அங்கே கல்வெட்டு எதுவும் தேவைப்படவில்லை. நகராட்சி இன்றும் அம்மரங்களைப் பராமரித்தாக வேண்டியிருப்பதையும் அந்தப் படைப்பின் ஒரு பகுதியாகவே கொள்கிறேன்.

கேள்வி: உணர்த்துவது இருக்கட்டும்; கலையால் மாசு உண்மையிலேயே குறைந்ததுண்டா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: சிறிய அளவில் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரின் குப்பைக் கிடங்கு ஒன்றில், மெல் சின் என்ற கலைஞர் வேளாண் விஞ்ஞானி ரூஃபஸ் சேனியுடன் இணைந்து, மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சும் செடிகளை 1991இல் வட்டமான பாத்தியில் பயிரிட்டார். இதற்கு ஒதுக்கப்பட்ட நிதியைத் தேசியக் கலை நிதியத்தின் தலைவர் முதலில் நிறுத்திவைத்தார். சின் நேரில் சென்று வாதாடிய பிறகே அது கிடைத்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி காட்மியம் என்ற நச்சு உலோகத்தைத் தன் இலைகளில் சேர்த்துக்கொள்வது அந்தப் பாத்தியில் உறுதியாயிற்று. குப்பைக் கிடங்கு முழுவதும் அதனால் தூய்மையாகிவிடவில்லை என்றாலும், ஆய்வுக்கூடத்தில் தேங்கியிருந்த ஒரு யோசனைக்கு வயலில் இடம் தேடிக் கொடுத்தவர் ஒரு சிற்பி.