கதிர்வீச்சு கொடுத்த கேபிளை வீட்டில் மாட்டலாமா?

சேலம் அம்மாப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "தறிக்கூடத்து மொட்டை மாடியில் சோலார் போடுகிறோம். 'கதிர்வீச்சு கொடுத்த கேபிள்' என்று ஒன்றை எலக்ட்ரீஷியன் கூடுதல் விலைக்குச் சொல்கிறார். அம்மா பயப்படுகிறார். சாதாரண ஒயர் போதாதா?"

முதலில் அம்மாவுக்கு. அந்தக் கேபிளில் கதிர்வீச்சு தங்காது. தொழிற்சாலையில் அதன்மேல் பாய்வது வேக எலக்ட்ரான்கள். அணுக்கருவை மாற்றும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை அல்லவா, அப்படித்தான். தாராளமாகத் தொடலாம்.

மாறுவது மேலுறையின் வேதியியல். அதன் அடிப்படை பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்; அது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலி. உங்களுக்குத் தறி தெரியும்: ஊடை ஓடாத பாவு நூல் போல இந்தச் சங்கிலிகள் அருகருகே கிடக்கின்றன. சூடேறினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். சாதாரண வகை 110 டிகிரி வாக்கில் உருகிவிடும். எலக்ட்ரான் பாயும்போது சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் கழன்று வாயுவாக வெளியேறுகிறது. அப்படி வெறுமையான இரண்டு கார்பன்கள் அடுத்தடுத்த சங்கிலிகளில் இருந்தால் கைகோத்துக்கொள்கின்றன. ஊடை விழுந்துவிட்டது, இனி துணி இழைபிரியாது. பிரிட்டனின் ஹார்வெல் அணு உலையில் பாலிஎத்திலீனை வைத்து இயற்பியலாளர் ஆர்தர் சார்ல்ஸ்பி இதை 1952இல் விளக்கினார். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட எல்லாப் பிளாஸ்டிக்கும் இப்படி நடந்துகொள்ளாது என்பது எனக்கு இன்றும் வியப்பு: பாலிப்ரொப்பிலீனில் அதே கதிர் சங்கிலியையே அறுத்து அதை நொறுங்க வைக்கிறது.

சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்கானது. சித்திரை வெயிலில் சோலார் பலகையின் முதுகுச் சூட்டோடு மின்னோட்டத்தின் சூடும் சேரும். அதை அங்கே போடாதீர்கள். பலகையிலிருந்து இன்வெர்ட்டர் வரை மட்டும் எலக்ட்ரீஷியன் சொன்ன அந்தச் சோலார் கேபிளை வாங்குங்கள். வீட்டுக்குள் பழைய ஒயரே போதும், அங்கே கூடுதல் பணம் வீண். கேபிளின்மேல் ஐஎஸ் 17293 அல்லது இஎன் 50618 என்ற தர எண் அச்சிட்டிருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால், இணைப்புக் கொடுக்காத துண்டு ஒன்றின் மேலுறையில் சூடான சால்டரிங் அயர்னை அழுத்திப் பாருங்கள். சங்கிலிகளுக்கிடையே பிணைப்பு இல்லாதது மெழுகாக இளகி, அயர்னை எடுக்கும்போது நூலாக இழுபடும். பிணைப்புள்ளது அமுங்கித் தழும்பாகுமே தவிர ஓடாது. அந்தப் புகையை மட்டும் முகராதீர்கள்.