புண் ஆற்றும் சாரக்கட்டில் வெள்ளி நானோ துகள்களை ஏன் சேர்க்கிறார்கள்?

சாரக்கட்டு என்பது புண்ணில் வைக்கும், துளைகள் நிறைந்த ஒரு தாங்கு பொருள். கொலாஜன் (தோலில் உள்ள ஒரு புரதம்), கைட்டோசான் (இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுப்பது) போன்றவற்றால் ஆன அதன் வேலை, செல்கள் பற்றிப் படர இடம் கொடுப்பது. சிக்கல் என்னவென்றால், ஈரமும் துளைகளும் நிறைந்த அதே இடம் பாக்டீரியாவுக்கும் வசதி. அதற்குத்தான் வெள்ளி.

நானோ துகள் என்றால் 1 முதல் 100 நானோமீட்டர் வரை (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அளவு குறையக் குறைய, அதே எடைக்கு வெளிப்பரப்பு கூடும். அந்தப் பரப்பிலிருந்து வெள்ளி அயனிகள் (மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணுக்கள்) கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். அவை பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு நொதிகளை முடக்கும், செல் சவ்வையும் சிதைக்கும். ஒரே நேரத்தில் பல இடங்களில் அடி விழுவதால் பாக்டீரியாவுக்கு வெள்ளியைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் உருவாவது கடினம் (முடியவே முடியாது என்றில்லை).

சரி, நிறையப் போட்டுவிடலாமே? கூடாது. நம் செல்களின் புரதங்களிலும் அதே கந்தகம் இருக்கிறதே! அளவு மிஞ்சினால் தோலைப் புதுப்பிக்கும் கெரட்டினோசைட், ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் சாகும். புண் ஆறுவது தாமதமாகும். தொற்று இல்லாத சுத்தமான புண்ணுக்கு வெள்ளி தேவையில்லை என்றே நான் சொல்வேன்.

தங்கத்தின் கதை வேறு. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், இதயத் தசை வளர்க்கும் சாரக்கட்டுகளில் சேர்த்து ஆராய்கிறார்கள். தாமிர அயனிகள் புது ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தூண்டும்; அதுவும் அதிகமானால் நஞ்சுதான்.